‘விசா அட்வான்ஸ்’ 60,000 கட்டிவிட்டோம், மீதியையும் கட்டலாமா?

வழக்கறிஞர் பதில்

காவிரி டெல்டாவின் சிற்றூர் ஒன்றிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். அப்பா இல்லாத குடும்பம். தம்பிக்கு 23 வயது. எட்டாம் வகுப்புக்குப் பிறகு ஐடிஐயில் வெல்டிங் படித்தவர். அப்பாவோடு பழகிய ஊர்க்காரர் ஒருவர் தம்பிக்கு துபாயில் வெல்டர் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி, மொத்தம் 1,80,000 ரூபாய் கேட்டிருக்கிறார். இந்தச் சகோதரி தன் வளையல்களை அடகு வைத்து 60,000 ரூபாய் கொடுத்துவிட்டார். அதில் 40,000 ரொக்கமாகப் போனது. மீதி 20,000, முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் வங்கிக் கணக்குக்கு அனுப்பப்பட்டது. தம்பியின் பாஸ்போர்ட்டும் அந்த ஊர்க்காரரிடமே இருக்கிறது. அடுத்த வாரம் மீதி 1,20,000 ரூபாயைக் கட்டினால் விசிட் விசாவில் அனுப்பி, “போன பிறகு கம்பெனி விசாவாக மாற்றிக்கொள்ளலாம்” என்கிறார். சம்பளம் ரூபாய்க் கணக்கில் மாதம் 28,000 என்று பேச்சு.

சகோதரியின் கேள்விகள் இவை. எல்லோரும் பணம் கட்டித்தானே வெளிநாடு போகிறார்கள், இதில் என்ன தவறு? இப்போது பின்வாங்கினால் கட்டிய 60,000 போய்விடாதா? போலீஸுக்குப் போனால், பணம் கொடுத்த நாங்களும் குற்றவாளிகள் ஆவோமா? கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்: சித்தப்பா மகனுக்கு தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை வந்திருக்கிறது, அவர்கள் ஒரு பைசாகூடக் கேட்கவில்லை, அது நம்பகமானதுதானே?

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் அந்த 1,20,000 ரூபாயைக் கட்டாதீர்கள். யாரிடமும் கடன் பேசவும் வேண்டாம். இந்தப் பதிலைப் படித்து முடித்ததும் தம்பியோடு உட்கார்ந்து, கீழே சொல்லியிருக்கும் சரிபார்ப்புகளைச் செய்யுங்கள். வேலை உண்மையானது என்றால் நான்கு நாள் தாமதத்தில் அது போய்விடாது. நாளைக்குள் கட்டாவிட்டால் இடம் போய்விடும் என்று ஒருவர் விரட்டுவதே நிதானிக்கப் போதுமான காரணம்.

கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய சீட்டின் படத்தைப் பார்த்தேன். கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். ‘விசா அட்வான்ஸ் 60,000’ என்று பேனாவால் எழுதி, கீழே ஒரு சுருக்கொப்பம் போட்டிருக்கிறார்கள். நிறுவனத்தின் பெயர், முகவரி, உரிம எண், ஜிஎஸ்டி எண் எதுவும் இல்லை. எந்த வேலைக்கு, எந்த முதலாளிக்கு என்ற விவரமும் இல்லை. ஆனாலும் அதைப் பத்திரமாக வைத்திருங்கள். பிறகு அது பயன்படும்.

எல்லோரும் கட்டித்தான் போகிறார்கள் என்பது பற்றி

நீங்கள் சொல்வது நடைமுறையில் உண்மை. லட்சங்கள் கட்டிப் போனவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். அவர்களில் சிலர் நல்ல வேலையில் அமர்ந்து வீடும் கட்டியிருப்பார்கள். அதனால்தான் இந்த நம்பிக்கை இவ்வளவு ஆழமாக வேரூன்றியிருக்கிறது. ஆனால் சட்டம் சொல்வது வேறு.

இந்தியாவில் வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பதை 1983ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. வெளியுறவு அமைச்சகத்தின் கீழ் இயங்கும் குடிபெயர்வோர் தலைமைப் பாதுகாவலரிடம் பதிவுச் சான்று பெறாத எவரும் இந்தத் தொழிலைச் செய்யக்கூடாது. பதிவு பெற்ற ஏஜென்ட்டும் தன் சேவைக் கட்டணமாக அதிகபட்சம் 30,000 ரூபாயும் அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டியும், ஆக 35,400 ரூபாய்தான் வாங்கலாம். அதற்கு முறையான ரசீது கொடுத்தாக வேண்டும். உங்களிடம் கேட்டிருப்பது அதைப்போல ஐந்து மடங்கு. பதிவே இல்லாதவர் என்றால் ஒரு ரூபாய்கூட வாங்க அவருக்கு உரிமை கிடையாது.

இதில் இன்னொரு பக்கமும் உண்டு. ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் நேரடியாகவோ மறைமுகமாகவோ வசூலிக்கக்கூடாது. அதை முதலாளிதான் ஏற்க வேண்டும். தனியார் வேலைவாய்ப்பு முகமைகள் தொழிலாளியிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்பதுதான் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1997இல் நிறைவேற்றிய 181ஆம் உடன்படிக்கையின் பொது விதியும்கூட. இந்தியா அதை ஏற்று ஒப்பமிடவில்லை என்பதால் இங்கே அந்த 30,000 வரம்பு நீடிக்கிறது. ஆக, துபாய் கம்பெனி உண்மையிலேயே ஆள் கேட்டிருந்தால் விசாவுக்கும் பயணத்துக்கும் அதுவே செலவழிக்க வேண்டும். அப்படியிருக்க, உங்கள் வளையல் எதற்காக அடகுக் கடைக்குப் போனது என்று அந்த ஊர்க்காரரிடம் கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

தம்பி தன் கையிலிருந்து செய்ய வேண்டிய நியாயமான செலவுகள் கொஞ்சம் உண்டு. பாஸ்போர்ட் கட்டணம், மருத்துவப் பரிசோதனைக் கட்டணம், குடிபெயர்வு அனுமதிக்கான 200 ரூபாய், பிரவாசி பாரதிய பீமா யோஜனா காப்பீட்டுக்கு இரண்டு ஆண்டுக்கு 275 அல்லது மூன்று ஆண்டுக்கு 375 ரூபாயும் வரியும். முடிந்தவரை இவற்றை உரிய இடத்தில் நீங்களே கட்டி ரசீது வாங்குங்கள். எல்லாவற்றையும் ஒரே மொத்தத் தொகையாக்கி “பேக்கேஜ்” என்று ஒருவர் சொன்னால், எது எதற்கு எவ்வளவு என்று எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

கடனைப் பற்றியும் மனம் விட்டுச் சொல்ல வேண்டும். 1,80,000 ரூபாய் என்பது தம்பியின் ஆறு மாதத்துக்கும் மேலான முழுச் சம்பளம். சாப்பாட்டுக்கும் போனுக்கும் வீட்டுக்கும் போக மிச்சத்தில் கட்டினால் ஒன்றரை ஆண்டோ அதற்கு மேலோ ஆகும். அதுவரை வட்டியும் ஏறும். அங்கே சொன்ன சம்பளத்தில் பாதிதான் தருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடன் இல்லாதவன் “எனக்கு வேண்டாம்” என்று ஊர் திரும்பிவிடுவான். அக்காவின் நகை அடகில் இருக்கிறது என்று தெரிந்தவன் வாயைத் திறக்காமல் வெயிலில் நிற்பான். வெளிநாட்டில் அவதிப்படும் தொழிலாளர்களின் குடும்பங்கள் என்னிடம் வரும்போது அநேகமாக இந்தக் கதையைத்தான் சொல்கின்றன. ஏஜென்ட் ஏமாற்றவில்லை, வேலையும் கிடைத்தது, ஆனால் கட்டிய பணம் அவர்களைக் கட்டிப்போட்டுவிட்டது.

விசிட் விசாவில் இருக்கும் ஆபத்து

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்படுத்தியது பணத்தைவிட இதுதான். “ஏர்போர்ட்டில் அதிகாரி கேட்டால், சொந்தக்காரரைப் பார்த்துவிட்டு ஊர் சுற்றிப் பார்க்கப் போகிறேன் என்று சொல்” என ஊர்க்காரர் தம்பிக்குச் சொல்லிக் கொடுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். முறையான வேலைக்குப் போகிறவனுக்கு எந்த அதிகாரியிடமும் பொய் சொல்ல வேண்டிய தேவை வராது.

ஏன் பொய் சொல்லச் சொல்கிறார்? தம்பி பத்தாம் வகுப்பு தேறாதவர். எனவே அவருடைய பாஸ்போர்ட் ‘இசிஆர்’, அதாவது ‘குடிபெயர்வுச் சரிபார்ப்பு தேவை’ என்ற வகையாக இருக்க வேண்டும். இந்த வகை பாஸ்போர்ட் உள்ளவர், அமீரகம், சவூதி, குவைத், மலேசியா உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போவதற்கு முன் குடிபெயர்வோர் பாதுகாவலரின் அனுமதி பெற வேண்டும். சென்னையிலும் அந்த அலுவலகம் இருக்கிறது. அனுமதிக்கு விண்ணப்பித்தால் முதலாளி யார், சம்பளம் என்ன, ஒப்பந்தம் எங்கே என்ற கேள்விகள் வரும். விசிட் விசா அந்தக் கேள்விகள் அனைத்தையும் தாண்டிப் போகும் குறுக்கு வழி.

விசிட் விசாவில் போய் அங்கேயே வேலை விசாவுக்கு மாறியவர்கள் இருக்கிறார்கள். இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மாற்றித் தருவதாகச் சொன்னவர் தராவிட்டால் தம்பி என்ன செய்வார்? விசிட் விசாவில் வேலை செய்வதே அந்த நாட்டில் சட்ட மீறல். விசாக் காலம் முடிந்தால் அபராதம் ஏறும். பிடிபட்டால் நாடு கடத்தப்படலாம். பதிவான ஒப்பந்தம் இல்லாதவருக்குச் சம்பளப் பாக்கிக்காக வழக்குப் போடுவதும் கடினம். குடிபெயர்வு அனுமதியோடு போகிறவருக்குக் கிடைக்கும் 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் இவருக்கு இருக்காது. வெல்டிங் வேலை ஆபத்தில்லாத வேலையும் இல்லை.

முறையான வழியில் போகிறவருக்கு அமீரகத்தின் மனிதவள அமைச்சகத்தில் பதிவான வேலைக் கடிதம் வரும். அரபியிலும் ஆங்கிலத்திலும் தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் அது தரப்பட வேண்டும். தமிழும் அந்த மொழிகளில் உண்டு. தம்பி கையெழுத்துப் போடுவதற்கு முன் அதைத் தன் கண்ணால் படித்திருக்க வேண்டும்.

உரிம நகல் காட்டினார் என்பது

ஊர்க்காரர் செல்போனில் ஒரு நிறுவனத்தின் உரிமத்தைக் காட்டியதாகவும் அதனால் நம்பிக்கை வந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அந்த உரிமம் உண்மையாகவே இருக்கலாம், ஆனால் வேறொருவருடையதாக இருக்கும். மும்பையிலோ டெல்லியிலோ உள்ள ஒரு நிறுவனத்தின் சான்றைப் படமெடுத்து வைத்துக்கொண்டு ஊர் ஊராக ஆள் பிடிக்கும் சப் ஏஜென்ட்டுகள் நிறைய. சப் ஏஜென்ட் என்ற ஒருவரைச் சட்டம் ஏற்கவில்லை. பதிவு பெற்ற நிறுவனம் ஊர்களில் ஆள் வைத்து வசூலிக்க முடியாது.

வெளியுறவு அமைச்சகத்தின் இ-மைக்ரேட் இணையதளத்தில் பதிவு பெற்ற ஏஜென்ட்டுகளின் பட்டியல் இருக்கிறது. நிறுவனத்தின் பெயரையும் உரிம எண்ணையும் போட்டுத் தேடுங்கள். பதிவு இன்றைக்கு நடப்பில் இருக்கிறதா, காலாவதியா, ரத்தா என்பதைப் பாருங்கள். பிறகு அந்தத் தளத்தில் உள்ள தொலைபேசி எண்ணில் அந்த நிறுவனத்தையே அழைத்து, “இன்னார் உங்கள் ஊழியரா? துபாய்க்கு வெல்டர் வேலைக்கு ஆள் எடுக்கிறீர்களா? எந்தக் கம்பெனிக்கு?” என்று கேளுங்கள். ஊர்க்காரர் தந்த எண்ணில் அழைத்தால் அவருடைய கூட்டாளியே எடுத்துப் பேசக்கூடும்.

பதிவு பெற்ற நிறுவனத்துக்கும் மற்றவருக்கும் என்ன வேறுபாடு என்றால், பதிவுக்காக அந்த நிறுவனம் அரசிடம் வங்கி உத்தரவாதம் கொடுத்திருக்கும். தொழிலாளி அங்கே சிக்கிக்கொண்டு அவரைத் திருப்பி அழைத்துவர நேர்ந்தால் அரசு அதில் கைவைக்க முடியும். ஊர்க்காரர் ஓடிவிட்டால் கைவைக்க எதுவும் இருக்காது. அவர் அப்பாவுக்கு வேண்டியவர் என்பதால் கேள்வி கேட்கத் தயங்குகிறீர்கள் என்று புரிகிறது. அவரே மேலே இருப்பவரிடம் ஏமாறியிருக்கவும் வாய்ப்புண்டு. அதனால் பழி சொல்ல வேண்டியதில்லை, கேள்வியைக் கேட்டால் போதும். நல்லெண்ணம் உள்ளவர் பதில் தேடித் தருவார்.

பாஸ்போர்ட்டும் 60,000 ரூபாயும்

இரண்டில் பாஸ்போர்ட்டை முதலில் வாங்குங்கள். பாஸ்போர்ட் சட்டப்படி அது மத்திய அரசின் சொத்து. பணத்துக்கு ஈடாகப் பிடித்துவைக்க எவருக்கும் உரிமை கிடையாது. நேரில் போய்ச் சண்டை போட வேண்டாம். தம்பியே அவருக்கு வாட்ஸ்ஆப்பில் ஒரு செய்தி அனுப்பட்டும். இப்படி எழுதலாம்: “மாமா, துபாய் வெல்டர் வேலைக்காக இந்தத் தேதியில் 40,000 ரொக்கமாகவும் 20,000 நீங்கள் கொடுத்த கணக்கிலும் கொடுத்தோம். பாஸ்போர்ட்டும் உங்களிடம் உள்ளது. கம்பெனி பெயர், ஏஜென்சியின் உரிம எண், வேலைக் கடிதம் மூன்றையும் அனுப்புங்கள். அதுவரை பாஸ்போர்ட்டைத் திருப்பித் தாருங்கள்.”

மரியாதையான செய்திதான். ஆனால் அதற்கு அவர் அனுப்பும் எந்தப் பதிலும், பணமும் பாஸ்போர்ட்டும் வாங்கினார் என்பதற்கு ஆதாரமாகிவிடும். “சரிப்பா, இரண்டு நாளில் தருகிறேன்” என்ற ஒரு வரிகூடப் போதும். பதில் வந்ததும் திரையைப் படமெடுத்து வையுங்கள், உரையாடலை அழிக்காதீர்கள். அந்தச் சீட்டு, பணம் அனுப்பிய பதிவு, வங்கிக் கணக்கு அறிக்கை, அடகுச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள்.

இப்போது பின்வாங்கினால் 60,000 போய்விடுமே என்ற உங்கள் பயத்துக்கு வருகிறேன். அந்தப் பணம் திரும்ப வரும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. முழுவதும் வரலாம், பாதி வரலாம், நீண்ட காலம் ஆகலாம். ஆனால் அதைக் காப்பாற்றுவதற்காக மேலும் 1,20,000 கொடுத்தால் ஆபத்தில் இருக்கும் தொகை மூன்று மடங்காகிறது, அவ்வளவுதான். மீதி பணம் இன்னும் உங்கள் கையில் இருக்கும் இன்றுதான் பேசுவதற்கு உங்களுக்குப் பலம் அதிகம்.

அவர் பாஸ்போர்ட்டையோ பணத்தையோ தர மறுத்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அலுவலகத்திலோ மாவட்டக் குற்றப்பிரிவிலோ எழுத்துமூலம் புகார் கொடுங்கள். ஏமாற்றிப் பணம் பெறுவதற்கு, பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 318(4) பிரிவின் கீழ் ஏழு ஆண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. பதிவில்லாமல் ஆள் எடுப்பதும் வரம்புக்கு மேல் வசூலிப்பதும் குடிபெயர்வுச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறைக்குரிய குற்றங்கள். அந்தச் சட்டப்படி வழக்குத் தொடரப் பொதுவாக மத்திய அரசின் முன் அனுமதி தேவை. ஆனால் பாதிக்கப்பட்டவரோ அவருடைய நெருங்கிய குடும்பத்தாரோ புகார் கொடுத்தால் அந்த அனுமதி வேண்டியதில்லை. உடன்பிறந்த சகோதரியும் அதில் அடக்கம். புகாரின் நகலைச் சென்னையில் உள்ள குடிபெயர்வோர் பாதுகாவலருக்கும் அனுப்புங்கள்.

நீங்களும் குற்றவாளி ஆவீர்களா? மாட்டீர்கள். சட்டம் தண்டிப்பது வசூலித்தவரை. வேலை தேடிப் பணம் கொடுத்தவர் அதன் கண்ணில் பாதிக்கப்பட்டவர். இந்தப் பயத்தாலேயே எத்தனையோ குடும்பங்கள் வாய்மூடி இருந்துவிடுகின்றன; அதே ஆள் அடுத்த ஊரில் அடுத்த வீட்டுக்குப் போகிறார்.

ஒரு பைசாகூடக் கேட்காத தாய்லாந்து வேலை

உங்கள் சித்தப்பாவிடம் இன்றைக்கே பேசுங்கள். தாய்லாந்தில் டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங் என்று சொல்லி அழைத்து, அங்கிருந்து எல்லை தாண்டி மியான்மரின் மியாவடிப் பகுதிக்குக் கொண்டுபோய், இணைய மோசடி செய்யச் சொல்லி அடைத்து வைத்த கொடுமையைப் பற்றி வெளியுறவு அமைச்சகம் 2022 முதலே எச்சரித்து வருகிறது. கம்போடியாவிலும் லாவோஸிலும் இதே போல நடந்திருக்கிறது. தமிழ்நாட்டு இளைஞர்களும் அதில் சிக்கி மீட்கப்பட்டிருக்கிறார்கள். அந்தக் கும்பல்கள் முன்பணம் கேட்பதில்லை. டிக்கெட்கூட எடுத்துக் கொடுக்கும். பணம் கேட்பது ஓர் அபாய அறிகுறி என்பதால், கேட்காதவர் எல்லாம் நல்லவர் என்று ஆகிவிடாது. நேர்காணல் டெலிகிராமில் பத்து நிமிடத்தில் முடிந்ததா, கம்பெனிக்கு உண்மையான முகவரி உண்டா, சுற்றுலா விசாவில் வரச் சொல்கிறார்களா என்று அந்தத் தம்பியிடம் கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு ஆம் என்றால் போக வேண்டாம்.

தம்பியிடம் எப்படிப் பேசுவது

“அக்கா, நீ தடுத்தால் இந்த வாய்ப்பும் போய்விடும்” என்று தம்பி கோபித்துக்கொள்வதாக எழுதியிருக்கிறீர்கள். அந்தக் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கைத்தொழில் தெரிந்த 23 வயதுப் பையன் வீட்டில் சும்மா இருப்பதன் வலி அவருக்குத்தான் தெரியும். அதனால் “போகாதே” என்று ஆரம்பிக்காதீர்கள். போவதற்கு வேறு வழியைக் கையில் வைத்துக்கொண்டு பேசுங்கள்.

தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் 1978 முதல் சென்னையில் இயங்குகிறது. வளைகுடா நாடுகளுக்கான ஆள்சேர்ப்பு அறிவிப்புகளை அது வெளியிடும். பதிவு செய்துகொள்ளச் சொல்லுங்கள். அதுவும் சேவைக் கட்டணம் வாங்கும், ஆனால் வரம்புக்குள், ரசீதோடு. உடனே கிடைத்துவிடும் என்று நம்பிக்கை கொடுக்காதீர்கள்; காத்திருக்க வேண்டி வரலாம். இ-மைக்ரேட் பட்டியலில் உள்ள நிறுவனங்களிலும் நேரடியாக விசாரிக்கலாம். காத்திருக்கும் காலத்தில் அவர் பத்தாம் வகுப்பைத் தனித்தேர்வராக எழுதித் தேறினால், இசிஆர் கட்டுப்பாடு இல்லாத பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பிக்கலாம். அனுபவச் சான்றோடு போகும் வெல்டருக்குச் சம்பளமும் கூடும் என்பதால், உள்ளூரில் ஒரு பட்டறையில் முறையாகச் சேர்ந்து சான்று வாங்கி வைப்பதும் வீணாகாது.

இவ்வளவும் சொன்ன பிறகும் அவர் பிடிவாதமாகப் புறப்பட்டால், பாஸ்போர்ட், விசா, டிக்கெட் மூன்றின் நகலும், அங்கே அவரை யார் அழைத்துப்போக வருகிறார் என்ற விவரமும் உங்கள் கையில் இருக்கட்டும். பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டாலோ சம்பளம் தராவிட்டாலோ துபாயில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தை அவரும், வெளியுறவு அமைச்சகத்தின் ‘மதத்’ என்ற குறைதீர்ப்பு இணையதளத்தில் இங்கிருந்து நீங்களும் அணுகலாம். சென்னையில் அயலகத் தமிழர் நலத்துறையும் இருக்கிறது.

வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987இன்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. உங்கள் மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் அழைக்கலாம். பணம் கொடுத்தது உங்கள் வளையலை வைத்துத்தான் என்பதால் உங்கள் பெயரிலேயே மனுக் கொடுங்கள். போகும்போது அந்த உறையை எடுத்துப்போங்கள். அடகுச் சீட்டின் தேதியும் பணம் கொடுத்த தேதியும் பொருந்துகின்றனவா என்று வீட்டிலேயே ஒருமுறை பார்த்துவிடுங்கள். புகாரில் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.